நாலு பேருக்குச் சீழ், ஒரு ஆயாம்மா மேல் பழி

கேள்வி:

"காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் மூன்று வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பழைய செட்டியார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, 20 படுக்கை போட்டு நடத்துகிறார்கள். போன மாதம் ஆபரேஷன் ஆனவர்களில் நாலு பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. ஆயாம்மா சரியாகக் கூட்டித் துடைக்காததுதான் காரணம் என்று அவரை நிறுத்தப் போகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கை கழுவாமலே போகிறார். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று, பத்து நாளைக்கு முன்னால் ஊசிக்கு மூடி போடும்போது என் விரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குப் போட்ட ஊசி என்றும் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும் மேடம்? பெயர் போட வேண்டாம்."

பதில்:

அன்புள்ள சிஸ்டருக்கு,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த ஊசி, அதிலிருந்துதான் நான் தொடங்குவேன். நாலு நோயாளியைப் பற்றியும் ஆயாம்மாவைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவிட்டு, உங்களைப் பற்றி இரண்டு வரி. நம் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். நானும் முப்பது வருஷம் இப்படித்தான் இருந்தேன். இனி வேண்டாம்.

நாளைக்கே அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். காரைக்குடியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறுங்கள். 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசி விவரம் கேட்டுக்கொண்டும் போகலாம். மையத்தில் எச்.ஐ.வி. சோதனை செய்வார்கள். கூடவே ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். இந்த முதல் சோதனை, இன்றைக்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பதற்காக. பிறகு 6 வாரத்தில், 3 மாதத்தில், டாக்டர் சொன்னால் 6 மாதத்தில் என்று திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை ரத்த தானம் வேண்டாம். கல்யாணம் ஆனவர் என்றால் வீட்டுக்காரரோடு ஆணுறை பயன்படுத்துங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் இன்னும் நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் போய்விட்டது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ குத்தினால் டூட்டி முடியட்டும் என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மனசுக்கு ஆறுதலான கணக்கும் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத்தான். ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. நம்மைப் போன்றவர்கள் நிஜமாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றில் 6 முதல் 30 பேர் வரைக்கும் தொற்றலாம். காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும் கிருமி அது.

நர்ஸிங் படிக்கும்போது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டுக்கொண்டீர்களா? இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை விட்டவர்கள் நம்மில் ஏராளம். விட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும். போட்டு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பாருங்கள். 10 யூனிட்டுக்கு (mIU/ml) மேல் இருந்தால் உங்களுக்குக் கவசம் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்த நர்ஸை நான் என் வேலைக் காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

குத்தியதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் விரலை அழுத்தி ரத்தத்தைப் பிதுக்குவோம், ஸ்பிரிட் ஊற்றுவோம், பழக்க தோஷத்தில் வாயில்கூட வைப்போம். மூன்றும் கூடாது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுவதோடு சரி. குத்தியதற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு என்று நினைத்து மனம் வெதும்பாதீர்கள். மூடி போடப் போனதுதான் காரணம். போட்ட ஊசிக்கு மூடியே போடக் கூடாது. போட்ட ஊசியைப் போடுகிற வெள்ளை டப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால் நீங்கள் மூடியைத் தேடியிருக்கவே மாட்டீர்கள். அது நர்ஸ் மேசைக்கு அடியில், நாலு அறை தள்ளி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊசி போடுகிற ட்ராலியிலேயே அந்த டப்பாவை வைத்துவிடுங்கள்.

நிர்வாகத்திடம் இதைச் சொல்ல நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், இப்படி ஆபத்து உள்ள மருத்துவமனைகள் தங்களிடம் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் குத்தினால் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், வேலையில் சேரும்போதும் பிறகு வருஷம் ஒருமுறையும் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. அந்த 'ஒவ்வொருவர்' என்பதில் ஆயாம்மாவும் அடக்கம். அவரை நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு ஒரு தடுப்பூசியாவது போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த நாலு பேருக்கு வருகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒரே வாரத்தில் மூன்று பச்சிளம் குழந்தைகளுக்குக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் சீழ்க் கொப்புளம் வந்தது. துணி வெளுக்கிறவர் சரியாக வேக வைப்பதில்லை என்று முடிவு கட்டி, அன்று சாயங்காலமே அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மேலும் இரண்டு குழந்தைக்கு வந்தது. அப்போதுதான் கிருமியியல் டாக்டர் ஒருவர் வந்து, எங்கள் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்துப் போனார். மூன்று பேர் மூக்கில் குழந்தைகளின் கொப்புளத்தில் இருந்த அதே கிருமி. அந்த மூவரில் ஒருத்தி நான். எனக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எந்தத் தொந்தரவும் இல்லை. பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் அந்தக் கிருமி சும்மா குடியிருக்கும் என்று பிறகுதான் படித்தேன். வேர்வையைத் துடைக்க முகத்தைத் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். துணி வெளுக்கிறவரைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

தரை அழுக்காக இருந்தால் தையலில் சீழ் வைக்கும் என்பது பெரும்பாலும் தவறான கணக்கு. தரையில் கிடக்கிற கிருமி தானாக எழுந்து வயிற்றுத் தையலுக்கு ஏறாது. அதற்கு ஒரு வண்டி வேண்டும். நோயாளியின் சொந்தத் தோல், ஆபரேஷன் தியேட்டரில் வந்த சாமான், புண்ணைத் தொட்ட கை, இவைதான் வழக்கமான வண்டிகள். ஆகவே யார் காரணம் என்று தேடாமல் எந்த வழியாக வந்தது என்று தேடுங்கள்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரின் கேஸ் ஷீட்டையும் வைத்துக்கொண்டு எந்தத் தேதியில் ஆபரேஷன், அன்று எத்தனையாவது கேஸ், என்ன ஆபரேஷன், கிருமி நீக்கிய துணி எந்த ட்ரம்மிலிருந்து எடுத்தது, ஷேவிங் எப்போது யார் செய்தது, ஆன்டிபயாட்டிக் ஊசி எத்தனை மணிக்குப் போட்டது, சீழ் எத்தனையாவது நாளில் தெரிந்தது, ட்ரெஸ்ஸிங் யார் செய்தது என்று எழுதுங்கள். சீழ் வைக்காதவர்களையும் சேர்த்து எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் கணக்கு பொய் சொல்லும். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஆபரேஷன் ஆகி 30 நாளுக்குள் தையலில் வந்தால் அதுவும் நம் கணக்கில் சேர்ந்ததே. தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் காட்டிக்கொண்டு நம்மிடம் சொல்லாமல் இருப்பவர்கள் இருப்பார்கள். நாலு என்பது ஆறாகக்கூட ஆகலாம். பயப்படாதீர்கள், ஆறு என்று தெரிந்தால்தான் வழி தெரியும்.

எழுதி முடித்ததும் ஏதோ ஒன்று எல்லோரிலும் திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்த வரையில் மூன்று இடத்தில் மாட்டும்.

முதல் இடம் ஷேவிங். நம் பக்கத்து நர்ஸிங் ஹோம்களில் இன்னும் முந்தின நாள் ராத்திரியே பிளேடு போட்டு வழித்து வைத்துவிடுகிறார்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், விடிவதற்குள் அந்தக் கீறல் முழுக்கக் கிருமி பெருகிவிடும். உலக சுகாதார அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிளேடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. முடியை எடுக்காமலே விடலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் மெஷின். அதோடு சோப்புப் போட்டு ஒரு நல்ல குளியல். ஆன்டிபயாட்டிக்கும் கத்தி வைப்பதற்கு முந்தின இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். தையல் போட்டு வார்டுக்கு வந்தபின் போடுகிற முதல் டோஸால் அந்தப் பயன் கிடைக்காது.

இரண்டாவது இடம் ஆட்டோகிளேவ், நீராவியால் கிருமியைக் கொல்லும் பாத்திரம். இதைப் பக்கத்தில் நின்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். துணி வைக்கிற ஸ்டீல் ட்ரம்மின் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும், அதை நகர்த்தினால் வரிசையாகத் துளைகள் திறக்கும். உள்ளே வைக்கும்போது துளை திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்ததும் மூட வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் ட்ரம்மை மூடியபடியே உள்ளே வைத்து, மூடியபடியே எடுத்தார்கள். வெளியே ஒட்டிய, சூட்டில் நிறம் மாறுகிற டேப் கறுப்பாக மாறியிருந்தது, எல்லோருக்கும் திருப்தி. ட்ரம்மைத் திறந்து நடுவில் இருந்த துண்டைத் தொட்டேன். பெட்டியில் மடித்து வைத்த துணிபோல வெறுமனே வெதுவெதுப்பாக இருந்தது, நீராவி பட்ட வாசனையே இல்லை. அந்தத் துணியைத்தான் திறந்த வயிற்றின் மேல் விரித்துக்கொண்டிருந்தார்கள். டேப் சூடு பட்டது என்று மட்டும்தான் சொல்லும், நீராவி உள்ளே போனது என்று சொல்லாது. உள்ளே, நடு மடிப்பில், நீராவி பட்டால் நிறம் மாறுகிற இண்டிகேட்டர் பட்டை ஒன்றை வையுங்கள். ட்ரம்மை அழுத்தித் திணிக்காதீர்கள். 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், அந்த அளவைத் தொட்ட பிறகுதான் நிமிஷத்தை எண்ணத் தொடங்க வேண்டும், ஸ்விட்ச் போட்டதிலிருந்து இல்லை. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கொதிக்கிற தண்ணீரிலும் சாகாத கிருமி விதைகள் உண்டு.

மூன்றாவது இடம் ட்ரெஸ்ஸிங் ட்ராலி. இதில் உங்களுக்கே பங்கு இருக்கலாம், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். காலையில் ஒரு ஜாடியில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பஞ்சை ஊற வைத்துவிட்டு, நாள் முழுக்க அதில் விரலை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஸ்பிரிட் ஆவியாகிவிடும், விரல் கொண்டுவந்தது தங்கிவிடும். காய்ந்த பஞ்சில் அப்போதைக்கு அப்போது ஊற்றிக்கொள்ளுங்கள். சலைன் பாட்டிலின் மூடியில் ஒரு ஊசியைக் குத்தியே வைத்திருந்து, அதிலிருந்து ஆளாளுக்கு உறிஞ்சி எடுக்கிறார்களா? இன்றைக்கே அந்த ஊசியைப் பிடுங்கிப் போடுங்கள், பாட்டிலையும் சேர்த்து. மருந்து ஏற்ற நரம்பில் வைத்திருக்கிற கேனுலாவைக் கழுவ ஒவ்வொருவருக்கும் தனிச் சின்ன ஆம்பியூல். சாமான் எடுக்கிற நீளக் கொறடு ஒரு ஜாடி மருந்துத் தண்ணீரில் நாள் கணக்கில் நின்றால் அந்த ஜாடியே கிருமித் தொட்டி. இன்னொன்றும் கேளுங்கள். யாருடைய புண்ணை முதலில் கழுவுகிறீர்கள்? சீழ் வைத்தவர் வலியில் சத்தம் போடுகிறார் என்று அவரை முதலில் பார்த்துவிட்டு, அதே ட்ராலியோடு புதுத் தையல்காரரிடம் போனால் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சுத்தமான தையல் முதலில், சீழ் கடைசியில்.

இதை ஆயாம்மாவுக்கும் புதிதாக வந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வழி உண்டு. நம் ஊர்களில் குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிக்கிற ஊருணியில் காலை நனைத்தால் ஊரே சண்டைக்கு வந்துவிடும். ட்ராலியின் மேல் தட்டு குடிக்கிற ஊருணி, கீழ்த் தட்டு குளிக்கிற ஊருணி என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்காது. ஓ.டி.க்கு (ஆபரேஷன் தியேட்டருக்கு) உள்ளே வருகிற செருப்பு, அழுக்குத் துணி போகிற வழி, சுத்தத் துணி வருகிற வழி, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

சீழ் வைத்தவர்களுக்கு அடுத்த ஆன்டிபயாட்டிக், அதற்கும் மேலே ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போகாமல், எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சீழை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேருக்கும் ஒரே கிருமி என்றால் வழி ஒன்றுதான் என்று பாதி தெரிந்துவிடும்.

பெரிய டாக்டர் விஷயம். ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், வார்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கைகளை மட்டும் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், யார் என்று எழுதாதீர்கள். நான் இப்படி உட்கார்ந்தபோது பார்த்த ஒரு கையைச் சொல்கிறேன். நாலாம் படுக்கையின் சிறுநீர்ப் பையைத் தூக்கி அளவு பார்த்தது. பேனாவை எடுத்து எழுதியது. நெற்றி முடியை ஒதுக்கியது. போனை எடுத்து அணைத்தது. கதவுக் குமிழியைத் திருப்பியது. ஆறாம் படுக்கை ஆச்சியின் கேனுலாவைத் திறந்து மருந்து ஏற்றியது. எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள், எல்லாம் ஒரே க்ளவுஸோடு. அந்தக் கைக்குச் சொந்தக்காரி அந்த மருத்துவமனையின் மிக நல்ல நர்ஸ், ஆச்சியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். க்ளவுஸ் போட்டிருப்பதால் கை சுத்தம் என்று நினைத்திருந்தாள். க்ளவுஸ் அவளைத்தான் காப்பாற்றியது, ஆச்சியை இல்லை.

அந்த வார்டில் கை கழுவுகிற தொட்டி எங்கே இருந்தது தெரியுமா? இரண்டாங்கட்டுக்குப் போகிற நடையில், ஒரு அலமாரிக்குப் பின்னால். கழுவிவிட்டுத் துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டு, சாயங்காலத்துக்குள் சொதசொத என்று ஆகிவிடும். ஒரு ஷிஃப்டில் நூறு தடவை அங்கே போய் வர யாரால் முடியும்? ஆளைத் திட்டுவதற்கு முன் தூரத்தை அளந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கிற கிருமிநாசினி) பாட்டில் மாட்டுங்கள். உள்ளங்கை நிறைய ஊற்றி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்துக் காய்வதற்கு 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் ரத்தமோ சீழோ கண்ணுக்குத் தெரிந்தால், அல்லது வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டால் சோப்புத் தண்ணீர்தான், ஹேண்ட் ரப் அங்கே போதாது. எப்போது தேய்ப்பது? நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும், கேனுலா, ட்ரெஸ்ஸிங் போன்ற வேலைக்கு முன், ரத்தம் சீழ் பட்டிருக்கலாம் என்றால் உடனே, அவர் கட்டில், மேசை, ட்ரிப் ஸ்டாண்டைத் தொட்ட பிறகு. துண்டை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னத் துணியாகக் கிழித்து வைத்து, ஒரு முறை துடைத்ததைக் கூடையில் போட்டுச் சலவைக்கு அனுப்புங்கள்.

டாக்டரிடம் போய் "நீங்கள் கை கழுவுவதில்லை" என்று சொல்ல வேண்டாம். நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். ரவுண்ட்ஸ் ட்ராலியில் பாட்டிலை வைத்துக்கொண்டு கூடவே போங்கள். முதல் படுக்கைக்கு முன் நீங்கள் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, அதே மூச்சில் பாட்டிலை அவர் பக்கம் நீட்டி, "டாக்டர், கைக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். நீட்டிய பாட்டிலை யாரும் மறுப்பதில்லை. அடுத்த படுக்கையிலும் அப்படியே. ஒரு வாரத்தில் அவரே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். உங்கள் நோட்டைச் சீனியர் சிஸ்டரிடம் முதலில் காட்டுங்கள், பிறகு இரண்டு பேருமாகப் போய் அவரிடம் கொடுங்கள். தேதியும் ட்ரம்மும் பிளேடும் எழுதிய தாளைப் படிக்காமல் எந்த சர்ஜனும் மேசையில் வைத்துவிட மாட்டார். தன் கையால் தைத்த தையல் பிரிவது அவருக்கும் வலிக்கும்.

மோதிரம், வளையல், கைக்கயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு கஷ்டப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் கட்டிக்கொண்ட கயிறு மாதக்கணக்கில் மணிக்கட்டில் நனைந்து நனைந்து காயும். கழுவினாலும் கயிறு சுத்தமாகாது. டூட்டி நேரத்தில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. கயிற்றைப் புஜத்திலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் கட்டடத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். நடுவில் முற்றம் இருக்கிறதே, அதை என்ன செய்திருக்கிறார்கள்? மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்து, சுற்றி இருக்கிற அறைகளுக்கு ஏ.சி. மாட்டியிருந்தால் அதுதான் அந்த வீட்டுக்குச் செய்த பெரிய கெடுதல். முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும், திண்ணைப் பக்கத்திலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். காசநோய் காற்றில்தான் பரவுகிறது, உலகத்திலேயே அதிகக் காசநோயாளிகள் இருப்பது நம் நாட்டில்தான். அறைக்குள் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். ஷீட்டை முழுக்க எடுக்க முடியாவிட்டாலும் இரண்டடி உயர்த்தி, பக்கத்தில் வலை அடிக்கச் சொல்லுங்கள். மழைச் சாரலும் வராது, காக்கையும் வராது, காற்று போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரை ஜன்னல் ஓரத்தில் போடுங்கள். அவருக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்95. இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓ.டி.க்கு மட்டும் இந்தக் காற்றோட்ட யோசனை பொருந்தாது, அங்கே கதவு மூடியே இருக்க வேண்டும்.

தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் ஆசிட் ஊற்ற விடாதீர்கள். அது சிமென்ட் கல், ஆசிட் அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும், பிறகு அழுக்கு பிடித்துக்கொண்டு விடாது. ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்தால் விஷப் புகை வரும், மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும். ரத்தம் சிந்திய இடத்துக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு, அன்றன்றைக்குக் கரைத்து, துணியால் மூடிய ரத்தத்தின் மேல் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும். மற்ற இடத்துக்கு ஈரத் துடைப்பே போதும். விளக்குமாறு போட்டு வறட்டுப் பெருக்கு வேண்டாம், தூசி பறக்கும்.

நோயாளியைப் பார்க்க வருகிற கூட்டத்தை உங்களால் நிறுத்த முடியாது. பங்காளிகள் ஒரு வேன் பிடித்து வந்து நிற்பார்கள், வராவிட்டால் மனஸ்தாபமாகிவிடும். திண்ணையிலேயே உட்கார வைத்து, இரண்டிரண்டு பேராக, கையில் ஹேண்ட் ரப் ஊற்றி உள்ளே அனுப்புங்கள். கட்டிலில் உட்கார விடாதீர்கள். வெளியே போய் வந்தால் காலலம்பிவிட்டு உள்ளே வருகிற ஊர் இது, கைக்கு ஒன்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ஆயாம்மா. அவருக்கு யாராவது இதுவரை, எந்தப் பையில் எது என்று நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? சீழ் பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள். ட்ரிப் குழாய், ஊசி கழற்றிய சிரிஞ்சு, க்ளவுஸ் சிவப்பு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பா. கண்ணாடி மருந்து பாட்டில் நீலம். நாம் மஞ்சள் பையில் அவசரத்தில் போட்ட ஒரு ஊசி அவர் கையில்தான் குத்தும், அவரும் உங்களைப் போலவே யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வீட்டுவேலைக்கு வாங்குகிற மெல்லிசுக் கையுறை வேண்டாம், தடித்த ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு நம்பிக்கை மையத்துக்குப் போகும்போது அவரிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை குத்தியிருக்கிறது என்று. வருகிறேன் என்று சொன்னால் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். நிர்வாகம் அவரைப் பற்றி முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்கள் நோட்டு அவர்கள் மேசைக்குப் போய்விட வேண்டும். ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.